குரலுக்கு மட்டும் வழியில்லை

போன வெள்ளிக்கிழமை அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அம்மா வாயைத் திறந்தபோதுதான் இணைப்பு அறுந்தது. அந்தப் பதிலை அம்மா ஒரு வாரமாக வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் மனம் ஆறும். வரிசையாகச் சொன்ன பிறகும் சரியாகச் சொன்னேனா என்ற சந்தேகம் போகாது. அதனால் முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா கிருஷ்ணவேணி கல்யாணமாகி அமெரிக்காவில் ஒஹையோவுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை சசிதர், உடுமலைப்பேட்டை திருமலைசாமியின் ஒரே மகன். திருமலைசாமி பம்ப்செட் கம்பெனிக்காரர். எங்கள் ஊர் கணபதியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கு முக்கால்வாசி வேலை அவரிடமிருந்துதான் வருகிறது. மாப்பிள்ளை அக்காவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர். போன மாதம் அவள் கை முறிந்தது. படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னார்கள்.

நாங்கள் போன் செய்தால் அவர்தான் எடுப்பார். அவர் பக்கத்தில் நிற்கும்போது அக்கா "சௌக்கியம்" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மட்டும் அவளுக்கு ஓர் இலவச ஆங்கில வகுப்பு. மாப்பிள்ளையே கொண்டு விட்டு, அவரே கூட்டிப் போவார். அந்த வகுப்பறையில் ஹெட்போனும் மைக்கும் மாட்டிய கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவளுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். அப்படித்தான் இன்டர்நெட் வழியாகப் பேசும் நெட்போனில் பேச ஆரம்பித்தோம்.

போன வாரம் அவள் அம்மாவிடம் கேட்டது இதுதான்: "அனுசரிச்சு இருந்துக்கோன்னு நீ எழுதின கடுதாசி வந்துச்சு. அது நெசமா நீ சொன்னதாம்மா?"

அம்மா எந்தக் கடிதமும் எழுதவில்லை. எழுதியது அப்பா. கீழே அம்மாவின் பெயரைப் போட்டதும் அப்பாதான்.

இதில் அப்பாவுக்குத் தவறாக ஒன்றும் தோன்றியிருக்காது. நாங்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆனால் எங்களில் ஒருவருக்கும் தெலுங்கு எழுத்து தெரியாது. கடிதம் என்றால் தமிழ்தான், அதையும் ஆண்கள்தான் எழுதுவார்கள். "இப்படிக்கு ராமாமணி" என்று முடியும் எந்தக் கடிதத்திலும் ராமாமணி பேசியது கிடையாது. அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தான் காதால் கேட்க வேண்டும் என்றாள்.

இன்று வெள்ளிக்கிழமை. இதுதான் கடைசி வெள்ளிக்கிழமையும்.

*

உமர் பாரூக் அண்ணனின் கடை சத்தி ரோட்டில் இருக்கிறது. முன்னால் ஜெராக்ஸ், நடுவில் கண்ணாடிக் கதவு வைத்த போன் பூத், உள்ளே மூன்று கம்ப்யூட்டர். ஏ.சி. அறைக்குள் தூசு வரக்கூடாது என்று செருப்பை வாசலிலேயே விடச் சொல்லுவார். அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தேங்காய் பழத் தட்டோடு வந்திருந்தாள். நான் என் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு மட்டம் போட்டிருந்தேன்.

அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவது போல உட்கார்ந்தாள். நான் நெட்போனைத் திறந்தேன். அது சுற்றியது. நின்றது. மறுபடி திறந்தேன். மறுபடி நின்றது.

"வராதுங்க," என்றார் பாரூக் அண்ணன், பின்னால் நின்றபடி. "நானே சொல்லோணும்னு இருந்தேன்."

"லைன் இல்லீங்களா அண்ணா?"

"லைன் இருக்குதுங்க. நியூஸ் பேப்பர் தொறந்து பாருங்க, வரும். நெட்போன் மட்டுந்தான் வராது. ரெண்டு நாளா அடைச்சுப்போட்டாங்க."

"யாரு?"

"லைன் குடுக்கறவங்கதானுங்க. போன் பண்ணிக் கேட்டேன். நெட்டுல பேசறது சட்டப்படி தப்புங்கறாங்க. எல்லாரும் இதுலயே பேசிப்போட்டா காசு குடுத்து வெளிநாட்டுக்கு ஐ.எஸ்.டி. யாரு போடுவாங்க?"

அம்மா ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினாள். "ஏன் தம்பி, இதுல கடுதாசி போகுதா?"

"போகுதுங்கம்மா."

"போட்டோ?"

"போகுமுங்க."

"சினிமாப் பாட்டு?"

"அதத்தானுங்க பசங்க நாள் பூரா எறக்கறானுங்க."

"எல்லாம் வேற வேற கம்பியா?"

"ஒரே கம்பிதானுங்கம்மா."

"அப்ப நடுவுல ஒருத்தன் உக்காந்துட்டு, இது பாட்டு, உடு, இது பொம்பள பேச்சு, புடிச்சு நிறுத்துன்னு பாத்துட்டு இருக்கறானா? அவனுக்கு ஊட்டுல பொண்ணு கிண்ணு இல்லையா?"

எங்கள் மாலை வகுப்பில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார்கள். அனுப்புவது எதுவானாலும் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், சுமந்து போகும் கம்பிக்குக் குரலும் தெரியாது, கடிதமும் தெரியாது. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். கம்பியை வைத்திருப்பவருக்குத் தெரியுமா என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

அப்போது திரையின் மூலையில் எழுத்து வந்தது. எழுத்தில் பேசும் அரட்டைப் பலகை மட்டும் திறந்துதான் இருந்தது. அக்கா ஆங்கிலத்தில் அடித்திருந்தாள்.

"பானு, இருக்கிறாயா? ஏன் இன்னும் கூப்பிடவில்லை?"

நெட்போனை அடைத்துவிட்டார்கள் என்று அடித்தேன். பதில் வரிவரியாக வந்தது.

"சாமானெல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது. வகுப்பு முடிந்ததும் வீட்டுக்காரர் இங்கிருந்தே டெக்சாஸுக்குக் குடி மாற்றிக் கூட்டிப் போகிறார். அங்கே வகுப்புக் கிடையாதாம். யாரையும் தெரியாது.

பாஸ்போர்ட் என் பையில் இருக்கிறது. மூட்டை கட்டும்போது எடுத்துவிட்டேன். டீச்சரம்மா டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். பின் வாசலில் அவர் கார் நிற்கிறது.

நான் வந்து நின்று நீங்கள் கதவைத் திறக்கவில்லை என்றால் எனக்குப் போக வேறு இடமில்லை, பானு. அம்மா சொன்னால் டீச்சரம்மா காரில் ஏறுகிறேன். சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் காரில் ஏறுகிறேன்."

நான் படித்துச் சொன்னேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

*

தெரிந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அக்காவின் ஆங்கில வகுப்பு நடக்கும் கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்து போன் நம்பர் கண்டுபிடித்தேன். பாரூக் அண்ணன் பூத்தில் இருந்து ஐ.எஸ்.டி. போட்டார். மணி அடித்தது. எடுத்தது ஒரு பதிவு செய்த குரல். அலுவலகம் இன்னும் திறக்கவில்லை, பிறகு கூப்பிடுங்கள் என்றது. அது திறப்பதற்குள் மாப்பிள்ளை வந்துவிடுவார். வகுப்பறையிலும் டீச்சரம்மா கையிலும் போன் இல்லை. காசு போட்டுப் பேசும் போனில் வெளிநாட்டுக்குக் கூப்பிட அக்கா கையில் காசு இருக்க அவர் விட்டதில்லை.

"அம்மா பேசறத ரெக்கார்டு பண்ணி மெயில்ல அனுப்பலாமுங்க," என்றார் அண்ணன். அம்மா மைக்கில் பேசினாள். அனுப்பினோம். பாதி போய் அறுந்தது. மறுபடி டயல் செய்து அனுப்பினோம். மறுபடி பாதியில் அறுந்தது.

"நேரமாகிறது," என்று அக்கா அடித்தாள்.

மிச்சம் இருந்தது எழுத்து ஒன்றுதான்.

"நீ சொல்லும்மா. நான் அடிக்கறேன்," என்றேன்.

அம்மா சொன்னாள். வேகமாக, பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும், நடுவே அழுகையோடும் சொன்னாள். நான் அதை ஒழுங்குபடுத்தினேன். என் பழக்கம் அது. வகுப்பில் குறிப்பு எடுக்கும்போதும் அப்படித்தான், வீட்டில் டயரி எழுதும்போதும் அப்படித்தான். எதையும் திருத்தமான வாக்கியமாக மாற்றாமல் எனக்கு எழுத வராது. "அந்தக் கடிதத்தை அம்மா எழுதவில்லை. நீ வீட்டுக்கு வந்துவிடுவதையே அம்மா விரும்புகிறார்" என்று நல்ல ஆங்கிலத்தில் அடித்தேன்.

பதில் உடனே வந்தது.

"இது உன் இங்கிலீஷ், பானு. போன தடவை அப்பாவின் தமிழ். அம்மா எங்கே?"

அம்மாதான் சொன்னாள், நம்பு என்று அடித்தேன்.

"எல்லோரும் அம்மா சொன்னதாகத்தான் சொல்கிறீர்கள்."

நல்லபடியாக எழுதுகிறேன் என்று அக்காவை நானே மாப்பிள்ளையின் காரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"என்ன போட்டிருக்கறா?" என்றாள் அம்மா.

சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது.

அப்பா.

பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் கிரீஸ். "கோயிலுக்குப் போறேன்னு சொன்னவளோட செருப்பு இங்க கெடக்குது," என்றார். "இங்கென்ன சாமி இருக்குது?"

"உக்காருங்கண்ணா," என்றார் பாரூக் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க தம்பி. இது எங்க குடும்பம்." அப்பா திரையைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் டிக்கெட், பாஸ்போர்ட் என்ற சொற்களைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. "ஓடி வரச் சொல்றீங்களா? சம்பந்திக்கு நா என்ன பதில் சொல்றது? நாளைக்கே வேலைய நிறுத்திப்போட்டா பட்டறையப் பூட்டிட்டு எல்லாரும் எங்க போறது?"

"ஏனுங்க," என்றாள் அம்மா. உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "எம்பேரப் போட்டு நீங்க எதுக்குங்க எழுதினீங்க?"

"உம்பேரு எம்பேருன்னு என்ன? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

"அவ கையி ஒடிஞ்சப்ப ரெண்டு பேருக்குமா ஒடிஞ்சுது?"

பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள்.

திரையில் எழுத்து வந்தது. "அங்கே அப்பா இருக்கிறாரா?"

இல்லை என்று அடித்தால் அவள் நம்பக்கூடும். இருக்கிறார் என்று அடித்தால் எல்லாமே அவர் சொல்லி வருவதாக நினைப்பாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. "இருக்கிறார். என் பின்னால் நிற்கிறார்" என்று அடித்துவிட்டேன்.

"சரி. புரிந்தது."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

"ம்மா," என்றேன். "அவ போகப் போறா. பேசு. எங்கிட்டச் சொல்லாத. அவ முன்னால நிக்கறான்னு நெனச்சுட்டு அவகிட்டயே பேசு. நான் ஒண்ணும் மாத்தாம அடிக்கறேன்."

அம்மா திரையைப் பார்த்தாள். தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் திரையை முறைத்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

நான் ஆங்கில எழுத்தில், காதில் விழுந்தது விழுந்தபடி அடித்தேன். தெலுங்கு வந்தால் தெலுங்கு. தமிழ் வந்தால் தமிழ். யாரும் எழுதிப் பார்க்காத எங்கள் வீட்டுப் பேச்சு. முற்றுப்புள்ளி வைக்க நேரமில்லை. இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

"ஏண்டி வேணி, உனக்குக் கூறு இருக்குதா? நா எப்படி கடுதாசி எழுதுனேன்? எனக்கு எழுத வந்திருந்தா மொதல்ல உங்கப்பனுக்கல்ல நாலு எழுதியிருப்பேன். நலம் நலமறிய ஆவல்னு நா என்னைக்காச்சும் உங்கிட்டப் பேசியிருக்கறனா? சாப்பிட்டயான்னு கேப்பேன். இல்லீனா எருமைன்னு கேப்பேன். படில உழுந்தயாமா? எந்தப் படிக்கடி அஞ்சு விரல் இருக்குது? நீ சௌக்கியம்னு சொல்ற ஒவ்வொருக்காலும் நா போன வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காலில போயி நின்னு அழுதிருக்கறேன், பானுவுக்குக்கூடத் தெரியாது, ஏய் பானு இத அடிக்காத—"

அதையும் அடித்தேன்.

"—உங்கப்பா இங்கதான் நிக்கறாரு. அவுரு முன்னாலதான் சொல்றேன். கதவ நாந்தான் தொறப்பேன். அவுரு தொறக்க மாட்டேன்னா நானும் வெளிய வந்து உங்கூட ரோட்டுல நிக்கறேன். இருக்கற சோத்துல பாதி திங்கலாம். இண்டிகி ஒச்செய். கேக்குதா? இண்டிகி ஒச்செய் அம்மாயி."

வீட்டுக்கு வந்துவிடு, மகளே. கடைசியில் அதைத்தான் சொன்னாள். அதைத்தான் ஒரு வாரமாக வைத்திருந்தாள்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். மோடத்தின் விளக்குகள் மினுக்கின. இந்தத் துண்டுகளை யாரும் நடுவில் நிறுத்தவில்லை. இது குரல் என்று அவர்களுக்குத் தெரியாது.

பதில் வரவில்லை.

போய்விட்டாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வந்துவிட்டார். அல்லது அந்தச் "சரி, புரிந்தது" என்பதற்குப் பிறகு அவள் திரையையே பார்க்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று பாடுபட்டேன்.

பிறகு ஒரு வரி. ஆங்கில எழுத்து, எங்கள் வீட்டுப் பேச்சு.

"ஒஸ்தாம்மா."

"வாரேங்கறா," என்றேன். "ம்மா, வாரேங்கறா."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்துவிட்டாள். பின் வாசலுக்கு நடந்துகொண்டிருப்பாள். இனி இங்கே வந்து இறங்கும்வரை எந்த வழியிலும் அவளுக்கு ஒரு சொல் சொல்ல எங்களால் முடியாது.

"ஏனுங்க, கேட்டீங்களா?" என்று அம்மா திரும்பினாள்.

அப்பா அங்கே இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றிருந்தார். பூத்தில். ரிசீவர் காதில் இருந்தது, முதுகு எங்கள் பக்கம். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. உதடு அசைவது தெரியவில்லை. தலை மட்டும் இரண்டு முறை ஆடியது.

பாரூக் அண்ணன் மேஜையில் இருந்த மீட்டரைப் பார்த்தார். "உடுமலைப்பேட்டைங்க," என்றார் மெதுவாக.

திருமலைசாமியின் மேஜையில் ஐ.எஸ்.டி. உண்டு. மாப்பிள்ளை எந்நேரமும் சட்டைப் பையில் செல்போன் வைத்திருப்பவர். இங்கிருந்து உடுமலைக்கு, உடுமலையிலிருந்து ஒஹையோவுக்கு. அந்த வழியை யாரும் அடைத்து வைக்கவில்லை.

அம்மா ஓடினாள். நான் அவளை ஓடிப் பார்த்ததே இல்லை. தேங்காய் பழத் தட்டு கீழே விழுந்தது. கதவை இழுத்துத் திறந்து, அப்பாவின் கைக்குக் கீழே தன் கையை நுழைத்து, போனை அழுத்தித் துண்டித்தாள்.

சிவப்பு எண்கள் நின்றன.

"என்ன சொன்னீங்க அவருகிட்ட?"

அப்பா செத்த ரிசீவரைக் கையிலேயே வைத்திருந்தார். அவர் கண்ணில் இருந்தது கோபமா, பயமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் முகத்தை நான் ஒருபோதும் சரியாகப் படித்ததில்லை.

"என்ன சொன்னீங்க? எம் பொண்ணு வாரான்னு சொன்னீங்களா, எம் பொண்ணப் புடிங்கன்னு சொன்னீங்களா?"

"சொல்ல வேண்டியதச் சொல்லிப்போட்டேன்," என்றார் அப்பா.

ரிசீவரை வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல், சத்தி ரோட்டில் இறங்கிப் பட்டறைப் பக்கம் நடந்தார்.

நான் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். "அக்கா, உன் வீட்டுக்காரர் காரைப் பார்த்தால் வெளியே வராதே" என்று அடித்தேன். அனுப்பினேன். மறுபடி அனுப்பினேன். எந்தத் தடையும் இல்லாமல் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அங்கே படிக்கத்தான் யாரும் இல்லை.